கிராமப் பாடசாலையும் ஆசிரியர் வாண்மை விருத்தியும்: முன்னேஸ்வரத்திலிருந்து ஒரு நோக்கு

முன்னேஸ்வரம் என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழுவது ஆலயமே. ஈழத்தின் பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் முன்னைநாத சுவாமி கோயிலின் மகோற்சவ காலத்தில் தமிழர்கள் மட்டுமன்றிச் சிங்கள பௌத்தர்களும் பெருந்தொகையாக அங்கு கூடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். ஊடகங்களும் அந்நாட்களில் முன்னேஸ்வரத்தை நினைவு கொள்கின்றன. திருவிழா முடிந்து, கடைகள் அகற்றப்பட்டு, பஸ் வண்டிகள் திரும்பிச் சென்ற பின்னர் எஞ்சியிருக்கும் கிராமத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு. அக்கிராமத்திலும் அதனைச் சூழ்ந்துள்ள கரையோர ஊர்களிலும் தமிழ் மொழி மூலம் கற்பிக்கும் சிறிய பாடசாலைகளைப் பற்றியும், அவற்றில் கடமையாற்றும் ஆசிரியர்களும் அதிபர்களும் தமது தொழிலில் வளர்வதற்கு என்ன வழி இருக்கிறது என்பதைப் பற்றியும் சில விடயங்களை இங்கு ஆராய விரும்புகிறோம்.

சிலாபம் நகரிலிருந்து முன்னேஸ்வரம் சில கிலோமீற்றர் தூரமே. ஆகவே வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் இது ஒரு பின்தங்கிய பிரதேசமாகத் தோன்றாது. ஆனால் தமிழ் மொழி மூல ஆசிரியர் ஒருவரின் தொழில்சார் தேவைகளை வைத்து அளந்தால் தூரம் வேறு விதமாகத் தெரியும். வலயக் கல்வி அலுவலகம் சிலாபத்தில் உள்ளது. வடமேல் மாகாணக் கல்வித் திணைக்களம் குருநாகலில் உள்ளது. பாடத்திட்டங்களையும் ஆசிரியர் வழிகாட்டி நூல்களையும் ஆக்கும் தேசிய கல்வி நிறுவகம் ஏறக்குறைய நூறு கிலோமீற்றருக்கு அப்பால் மஹரகமவில் உள்ளது. அதிபர்களுக்கும் கல்வி நிர்வாகிகளுக்கும் பயிற்சி வழங்கும் அந்நிறுவகத்தின் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையமோ இன்னும் தள்ளி மீப்பேயில் அமைந்திருக்கிறது. காலை ஒன்பது மணிச் செயலமர்வுக்கு மஹரகம செல்ல வேண்டிய ஆசிரியை விடியுமுன்னரே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். வீடு திரும்பும்போது இருட்டிவிடும்.

அவர் சென்ற அன்று பாடசாலையில் நடப்பது என்ன? எட்டு ஆசிரியர்கள் உள்ள ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பிரசவ விடுமுறையில் இருப்பார். ஒருவர் வலய அலுவலகத்தில் ஏதோவொரு படிவத்தைக் கையளிக்கச் சென்றிருப்பார். மூன்றாமவர் செயலமர்வுக்குப் போனால் எஞ்சியிருப்போர் ஐவர். இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் அமர்த்தப்படும், அல்லது மூத்த மாணவி ஒருத்தி சிறுவர்களைப் பார்த்துக்கொள்வாள். நகரத்துப் பெரிய பாடசாலையில் ஓர் ஆசிரியர் இல்லாவிட்டால் அது ஒரு பாடவேளைப் பிரச்சினை. சிறிய பாடசாலையில் அது அந்த நாளையே குலைத்துவிடும். இலங்கையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ மூவாயிரம் பாடசாலைகளில் மாணவர் தொகை நூறுக்கும் குறைவு. ஆகவே நாம் கூறுவது ஓரூரின் சங்கடம் மட்டுமன்று.

'பயிற்சி' என்ற சொல்லுக்கும் 'வாண்மை விருத்தி' என்ற சொல்லுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் தெளிவுபடுத்துவது நன்று. பயிற்சி என்பது ஒரு குறித்த காலத்தில் பெற்று முடிப்பது. தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் கற்று, ஓராண்டு பாடசாலையில் கட்டுறு பயில்வு செய்து சான்றிதழ் பெறுவது பயிற்சி. பட்டதாரியாக நியமனம் பெற்ற பின்னர் பட்டப்பின் கல்வி டிப்ளோமா முடிப்பதும் பயிற்சியே. வாண்மை விருத்தி என்பது அதற்குப் பின் ஓய்வுபெறும் வரை நிகழ வேண்டியது. நேற்றுக் கற்பித்த பாடம் ஏன் சில பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று இன்று சக ஆசிரியருடன் இருந்து ஆராய்வதும், நாளை வேறொரு முறையை முயன்று பார்ப்பதும் அதன் உயிர்நாடி. மருத்துவர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் கற்ற மருந்துகளையே இன்றும் எழுதிக்கொண்டிருந்தால் நாம் அவரிடம் செல்ல அஞ்சுவோம். ஆசிரியர் விடயத்தில் ஏனோ அந்த அச்சம் நமக்கு ஏற்படுவதில்லை.

இத்துறையில் இலங்கை வெறுங்கையுடன் நிற்கும் நாடு அல்ல. 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய கல்வி நிறுவகம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் கல்வியியற் கல்லூரிகளுக்கான சட்டம் வந்தது. அதற்கும் முன்னரே, 1980 களின் தொடக்கத்தில், சுவீடன் நாட்டின் உதவியுடன் தொலைக்கல்வி வாயிலாக ஆசிரியர்களைப் பயிற்றும் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. பயிற்றப்படாத ஆசிரியர் ஆயிரக்கணக்கில் வகுப்பறைகளில் நின்ற காலம் அது. அவர்களை எல்லாம் கலாசாலைகளுக்கு அழைத்தால் பாடசாலைகளை மூட வேண்டியிருக்கும். எனவே அச்சிட்ட பாட அலகுகள் ஆசிரியரின் இருப்பிடத்துக்கு அனுப்பப்பட்டன. வார இறுதியிலும் விடுமுறையிலும் அண்மையிலுள்ள நிலையமொன்றில் போதனாசிரியர் ஒருவர் அவர்களைச் சந்தித்தார். காலையில் படித்ததை மறுநாள் வகுப்பில் செய்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. வகுப்பை விட்டு விலகாமலேயே ஆசிரியர் கற்க முடியும் என்பதை இந்நாடு அன்றே நடைமுறையில் கண்டறிந்துவிட்டது.

1990 களில் வலயத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஆசிரியர் மத்திய நிலையங்கள் உருவாகின. அவை ஆசிரியர்கள் தாமாகவே வந்து கூடி, நூல்களைப் பார்த்து, கற்பித்தற் சாதனங்களைச் செய்து, தமக்குள் உரையாடும் இடங்களாக இருக்க வேண்டும் என்பதே எண்ணம். நாளடைவில் அவற்றுட் பல, மேலிடத்திலிருந்து வரும் செயலமர்வுகளை நடத்துவதற்கான மண்டபங்களாகவே பெரிதும் பயன்படலாயின. கட்டடம் அமைப்பது எளிது, பழக்கத்தை அமைப்பதே கடினம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மேலிடத்திலிருந்து பயிற்சி கீழே வரும் விதத்தைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். புதிய பாடத்திட்டம் ஒன்று வரும்போது அதனை ஆக்கியோர் மஹரகமவில் மாகாண வளவாளர்களுக்குப் பல நாட்கள் விளக்குவர். மாகாண வளவாளர் வலய ஆசிரிய ஆலோசகர்களுக்கு அதைவிடக் குறைந்த நாட்களில் விளக்குவர். ஆலோசகர், ஆசிரியர்களுக்கு ஓரிரு நாட்களில் விளக்குவார். இதனை நீர்வீழ்ச்சி முறை என்பர். மலையுச்சியில் நிறைந்து ஓடும் நீர் படிப்படியாக விழுந்து அடிவாரத்துக்கு வரும்போது தூவானமாகிவிடுவதைப் போல, ஒவ்வொரு படியிலும் நாட்களும் குறைகின்றன, பொருளும் குறைகிறது. 1999 இல் நாடெங்கும் விரிந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்திலும், 2007 இல் அறிமுகமான தேர்ச்சி மையக் கலைத்திட்டத்திலும் இது நிகழ்ந்தது. செயற்பாட்டின் மூலம் கற்பிக்க வேண்டும் என்பதை ஒலிவாங்கியின் முன் நின்று மூன்று மணி நேரம் விரிவுரையாற்றி விளக்கிய செயலமர்வுகளை அக்கால ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2026 ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக நடைமுறைப்படுத்துவதற்கென 2025 இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தங்களும் இந்த வழியாகவே ஆசிரியரை அடையுமாயின், முன்னேஸ்வரம் போன்ற அடிவாரங்களுக்கு எவ்வளவு நீர் வந்து சேரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நீர்வீழ்ச்சியின் படிகளில் மொழியும் ஒரு படி. வடமேல் மாகாணத்தில் பெரும்பான்மையான பாடசாலைகள் சிங்கள மொழி மூலமானவை. தமிழ் மொழி மூலப் பாடசாலைகள் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தில் ஓரளவு செறிந்தும், சிலாபத்தைச் சூழ்ந்த பகுதியில் ஐதாகவும் உள்ளன. பாடசாலைகள் குறைவு என்றால் தமிழில் வழிகாட்டக்கூடிய ஆசிரிய ஆலோசகர்களும் குறைவு. ஒரே ஆலோசகர் தமக்குரிய பாடத்துடன் வேறு பாடங்களையும் பார்க்க வேண்டியிருக்கும். செயலமர்வு சிங்களத்தில் நடைபெற, ஓரத்தில் இருக்கும் தமிழாசிரியர் சிலருக்கு ஒருவர் மெல்லிய குரலில் மொழிபெயர்த்துச் சொல்லும் காட்சி இம்மாகாணத்தில் புதுமையன்று. கணிதத்தையோ விஞ்ஞானத்தையோ அவ்வாறு ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை அறிமுகம் செய்வது எப்படி, 'ல'கரத்தையும் 'ழ'கரத்தையும் 'ள'கரத்தையும் செவியால் பிரித்தறியச் செய்வது எப்படி என்பதை மொழிபெயர்ப்பின் மூலம் கற்பது எங்ஙனம்?

இக்கரையோரத்தின் வரலாற்றை அறிந்தோர் இதனைச் சிறிய விடயமாகக் கருத மாட்டார்கள். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையிலான கரையோர ஊர்கள் பலவற்றில் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் தமிழே வீட்டு மொழியாக இருந்தது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பகுதிக் கத்தோலிக்கப் பாடசாலைகளின் போதனாமொழி சிங்களமாகியது. பாட்டனார் தமிழில் செபித்தார், தந்தையார் இரு மொழியும் பேசினார், பேரன் சிங்களம் மட்டுமே அறிவான் என்ற நிலைமை பல குடும்பங்களில் உருவாகியது. இம்மாற்றத்தை நாம் குற்றமாகக் கூறவில்லை. எந்த மொழியைப் பேசுவது என்பது அவரவர் உரிமை. ஆயினும் ஒரு சமூகத்தின் மொழி எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்பதை அது காட்டுகிறது. அந்த வாசல் பாடசாலையின் வாசலே. இன்று உடப்பிலும் முன்னேஸ்வரத்திலும் தமிழ் நிலைத்திருப்பதற்கு ஆலயங்கள் ஒரு காரணம் என்றால், பாடசாலைகள் மற்றொரு காரணம்.

தமிழ்ப் பாடசாலையில் கல்வித்தரம் போதாது என்று கருதும் பெற்றோர் நகரத்துச் சிங்கள மொழிப் பாடசாலையைத் தேடிச் செல்வதை எவரும் தடுக்க முடியாது. தடுக்கவும் கூடாது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ஆளணி குறைக்கப்படும். ஆளணி குறைந்தால் தரம் மேலும் குறையும். இச்சுழலின் ஏதோவொரு புள்ளியில் குறுக்கிட வேண்டுமென்றால் அது ஆசிரியரின் திறன் என்ற புள்ளியாகவே இருக்க முடியும் என்பது நமது கருத்து. கட்டடமோ கணினியோ கொடுத்து இதனை நிறுத்த முடியாது.

செயலமர்வுகளில் பேசப்படாத சில பிரச்சினைகள் இக்கரையோர வகுப்பறைகளில் உள்ளன. உடப்புப் போன்ற மீனவர் ஊர்களில் கரைவலைத் தொழில் பருவத்தைப் பொறுத்தது. பருவம் மாறும்போது குடும்பங்கள் வடக்கு, கிழக்குக் கரைகளில் வாடி அமைத்துத் தொழில் செய்யச் செல்வதும் நெடுங்கால வழக்கம். பிள்ளையும் உடன் சென்றால் ஒரு தவணையே கழிந்துவிடும். திரும்பி வந்த பிள்ளை நான்காம் தரத்தில் அமர்ந்திருக்கும், வாசிப்பதோ இரண்டாம் தர அளவில். ஒரே வகுப்பில் மூன்று மட்டங்களில் உள்ள பிள்ளைகளை ஒரே நேரத்தில் கற்பிப்பது ஒரு தனிக் கலை. அதனைப் பன்மட்டக் கற்பித்தல் என்பர். அதற்கென உலகில் நிறைய அனுபவம் திரண்டுள்ளது. தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் 1970 களில் தோன்றிய 'புதிய பாடசாலை' இயக்கம், ஓராசிரியர் கிராமப் பாடசாலைகளுக்காகவே உருவானது. பிள்ளை தன் வேகத்தில் முன்னேறுவதற்கான வழிகாட்டி ஏடுகளை அது ஆக்கியது. அயலூர் ஆசிரியர்கள் கிரமமாகக் கூடிப் பேசும் சிறு வட்டங்களையும் அமைத்தது.

தமிழ்நாட்டின் அனுபவம் நமக்கு இன்னும் அண்மையானது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷிவேலிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்குள்ள கிராமப் பள்ளிகளில் பல வயதுப் பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமாகக் கற்பதை நேரில் கண்டனர். கண்டவர்கள் திரும்பி வந்து அட்டைகளைத் தமிழில் தாமே ஆக்கினர். சில ஆண்டுகளில் அம்முறை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது, தாமே ஆக்கியவரிடமிருந்த ஈடுபாடு ஆணையின் பேரில் ஏற்றவரிடம் அதே அளவில் இருக்கவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. அங்கு பள்ளிகளைக் கொத்தாக இணைக்கும் குறுவள மையங்களும் உள்ளன. அவற்றின் கூட்டங்களும் சில வேளைகளில் விரிவுரைக் கூட்டங்களாகிவிடுவதாக அங்குள்ள ஆசிரியர்கள் குறைகூறுவதுண்டு. நோய் எல்லைகடந்தது போலும்!

இனி அதிபரிடம் வருவோம். ஆசிரியர் வாண்மை விருத்தி பற்றிப் பேசுவோர் பலர் அதிபரை மறந்துவிடுகின்றனர். சிறிய பாடசாலையின் அதிபருக்கு எழுதுவினைஞர் இருப்பது அரிது. மதிய உணவுக் கணக்கு, சீருடைப் பங்கீடு, பொருட்பதிவேடு, வலயத்துக்கு அனுப்ப வேண்டிய புள்ளிவிபரம் யாவும் அவர் கையாலேயே ஆக வேண்டும். சிங்களத்தில் வரும் சுற்றுநிருபத்தை வாசித்து விளங்குவதும் அவர் பொறுப்பே. தமிழும் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பில் 1987 முதல் எழுதப்பட்டுள்ளது. ஆனால் தபாலில் வரும் கடிதம் எப்போதும் அரசியலமைப்பை வாசித்துவிட்டு வருவதில்லை. இத்தனைக்கும் நடுவே வகுப்பறைக்குச் சென்று ஒரு பாடத்தை அமைதியாக இருந்து பார்ப்பதற்கு அவருக்கு நேரம் ஏது? சென்றாலும், அது குறை காணும் மேற்பார்வை என்றே ஆசிரியர் எண்ணி அஞ்சுவார். சென்ற தலைமுறையின் பரிசோதகர் வருகை விட்டுச் சென்ற அச்சம் அது. அதிபர் ஆசிரியரின் பாடத்தைப் பார்ப்பதும், ஆசிரியர் அதிபரின் பாடத்தைப் பார்ப்பதும் சாதாரண நிகழ்வாகும்போதே அந்த அச்சம் நீங்கும். ஆகவே அதிபருக்குரிய பயிற்சி நிதிப் பிரமாணங்களுடனும் ஒழுக்காற்று விதிகளுடனும் நின்றுவிடலாகாது. ஒரு பாடத்தை எவ்வாறு அவதானிப்பது, அவதானித்ததை மனம் நோகாமல் எவ்வாறு எடுத்துரைப்பது என்பதையும் அவர் கற்க வேண்டும். வலயத்திலும் கோட்டத்திலும் உள்ள நிர்வாகிகளுக்கும் இது பொருந்தும்.

ஜப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருவது இதனையே. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் அதனைக் கற்பிப்பார். மற்றவர்கள் வகுப்பின் பின்புறம் நின்று பிள்ளைகளைக் கவனிப்பர். பின்னர் கூடி, பாடம் எங்கே பிள்ளைகளைத் தவறவிட்டது என்று ஆராய்வர். ஆராயப்படுவது பாடம். ஆசிரியர் அல்லர். இதற்கு விசேட மண்டபமோ பெருநிதியோ தேவையில்லை.

நமது நாட்டிலும் இத்தகைய எண்ணம் தாள்களில் இல்லாமலில்லை. 2006 இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், தீர்மானங்களைப் பாடசாலை மட்டத்துக்குக் கொண்டுவர முயன்றது. 2012 இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய செயற்றிட்டத்தின் கீழ், பாடசாலையை அடிப்படையாகக் கொண்ட ஆசிரியர் வாண்மை விருத்தி என்பது தனிக்கூறாகவே இடம்பெற்றது. பாடசாலை தனது தேவையைத் தானே இனங்கண்டு, தனது ஆசிரியருக்கான நிகழ்ச்சியைத் தானே நடத்தலாம் என்பது அதன் சாரம். நூறு ஆசிரியர் உள்ள பாடசாலையில் இது எளிது. அங்கு ஒரு பாடத்துக்கே பத்து ஆசிரியர் இருப்பர். எட்டு ஆசிரியர் உள்ள இடத்தில் விஞ்ஞானத்துக்கு ஒருவர், கணிதத்துக்கு ஒருவர். அவர் யாருடன் கலந்துரையாடுவார்? சிறிய பாடசாலை தனித்து நின்று இதனைச் செய்ய முடியாது என்பதே நாம் வலியுறுத்த விரும்பும் விடயம். கொத்தாகச் சேர்ந்தே செய்ய வேண்டும்.

முன்னேஸ்வரம், சிலாபம், உடப்பு, மாதம்பைப் பகுதிகளின் தமிழ் மொழி மூலப் பாடசாலைகள், முஸ்லிம் பாடசாலைகள் உட்பட, ஒரு கொத்தாக இணைய முடியும். அவை எந்தக் கோட்டத்தின் அல்லது வலயத்தின் எல்லைக்குள் வருகின்றன என்பது இதில் தடையாக இருக்கக் கூடாது. எல்லைகள் நிர்வாக வசதிக்காக ஏற்பட்டவை. மாதம் ஒருமுறை, பாடசாலை ஒன்றரை மணிக்கு முடிந்த பின்னர், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பாடசாலையில் கூடலாம். தமிழ் ஆசிரிய ஆலோசகர் அந்த நாளைத் தமது நாட்குறிப்பில் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். வருபவர்களுக்குப் பஸ் கட்டணத்தையும் ஒரு தேநீரையும் வழங்குவதற்கு வலயம் ஒழுங்கு செய்ய வேண்டும். சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஆசிரியர் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நியாயமாகாது. அங்கு செலவிடும் மணித்தியாலங்கள் ஆசிரியரின் பதவியுயர்வுக்குரிய வாண்மை விருத்தியாகக் கணக்கிடப்படவும் வேண்டும். சான்றிதழ் தூரத்திலும் பயன் அருகிலும் இருந்தால் மனிதர் சான்றிதழையே தேடிச் செல்வர். அது இயல்பு.

இணையவழி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்ட போதும், 2022 இல் எரிபொருள் இன்றி அல்லலுற்ற போதும் ஆசிரியர்கள் கைத்தொலைபேசி மூலம் கற்பித்தனர், தாமும் கற்றனர். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள சிறந்த ஆசிரியரின் விளக்கத்தைச் சிலாபத்தில் இருந்தபடியே தமிழில் கேட்க முடிந்தது. மாகாணத்தில் தமிழ் வளவாளர் பற்றாக்குறை உள்ள இடத்தில் இது பெரும் துணை. ஆனால் திரையில் தெரிபவர் நமது வகுப்பின் பின்வரிசைப் பிள்ளையை அறியார். அப்பிள்ளையை அறிந்தவர் அடுத்த அறையில் கற்பிக்கும் ஆசிரியரே. திரை, கொத்துக் கூட்டத்துக்கு உதவியாக வரலாம். அதன் இடத்தில் அமர முடியாது.

முதற் கூட்டத்துக்குரிய விடயமும் தூரத்தில் இல்லை. கரைவலைப் பருவம் முடிந்து திரும்பிய பிள்ளைகள் உள்ள ஒரு நான்காம் தர வகுப்பில், மூன்று மட்டங்களுக்குமான ஒரு தமிழ் வாசிப்புப் பாடத்தை ஒருவர் நடத்திக் காட்டட்டும். அந்த நாற்பது நிமிடங்களும் பாடசாலை நேரத்திலேயே வர வேண்டியிருக்கும். ஏனெனில் பிள்ளைகள் இல்லாத வகுப்பில் பாடத்தைப் பார்க்க முடியாது. அந்த ஒரு நாளில் ஏனைய பாடசாலைகளின் வகுப்புகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை வலயக் கல்விப் பணிப்பாளரும் அதிபர்களும் முதலில் அமர்ந்து தீர்மானிக்க வேண்டும்.